டர்க்கி நாப்பின் மூன்றாவது வளைவு

வெர்லின் டீக் ஜெயிக்காத கார் பந்தய டிராக் என்று கரோலினா மலையடிவாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்! அந்த டர்க்கி நாப் டிராக்கில் இன்ஜினை முடுக்கினால் அவன் சமையலறைத் தட்டுகள் நடுங்கும். மற்ற ஊர்களில் வாங்கிய கோப்பைகளை வைக்க அவன் வீட்டில் இடமில்லை. டர்க்கி நாப்பின் இலையுதிர்காலப் பந்தயக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் எவனாவது ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசல் வழியாகவே போவான். யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவன் எப்படிப் பந்தயக்காரன் ஆனான் என்பதே ஒரு கூத்து. அந்தக் காலத்தில் அங்கே கார் பந்தயம் ஓட்டியவர்கள் எல்லோரும் கள்ளச் சாராயம் கடத்தித்தான் வண்டி பழகினோம் என்று மார்தட்டுவார்கள். போலீஸ் துரத்தியது, விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் பறந்தது என்று அளந்து விடுவார்கள். வெர்லின் கடத்தியது முட்டை. கடத்தினான் என்றுகூடச் சொல்லக்கூடாது, பகிரங்கமாகக் கொண்டுபோய் விற்றான். அப்பா பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், சபைப் பெரியவர்களில் ஒருவர். அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை காபி குடித்தாலே முகம் சுளிப்பார்கள், சாராயத்துக்கு எங்கே போவது?

மலை மேலே இருந்த கோழிப் பண்ணைகளிலிருந்து கீழே மில் ஊருக்கு முட்டை லாரி ஓட்டினான். விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும், முட்டையும் உடையக்கூடாது. பிரேக்கை மிதித்தால் பெட்டிகள் முன்னால் சரியும். ஸ்டியரிங்கை வெட்டினால் பக்கவாட்டில் சரியும். அதனால் பிரேக்கையே தொடாமல், வண்டியை வளைவுக்கு முன்னாலேயே மெல்லப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, அந்த வழுக்கலிலேயே வளைவைத் தாண்டிவிடுவான். ஒருநாள் அவன் பின்னாலேயே வந்த அவன் மனைவி ஒலீட்டாவின் அண்ணன் கிரேடி அதைப் பார்த்துவிட்டான். கிரேடி மில் ஊரில் கார் பட்டறை வைத்திருந்தவன், இன்ஜின் விஷயத்தில் பெரிய கெட்டிக்காரன். சந்தையில் வந்து வெர்லினின் சட்டையைப் பிடித்தான்.

"யோவ் மாப்பிள்ளை, இப்ப என்ன பண்ணே அந்த வளைவுல?"

"ஒண்ணும் பண்ணலையே மச்சான். முட்டை உடையக் கூடாதுன்னு மெதுவா வந்தேன்."

"மெதுவாவா? நான் எழுபதுல வந்தேன், உன்னைப் புடிக்க முடியலையேய்யா!"

அவ்வளவுதான். அடுத்த மாதமே கிரேடி ஒரு பழைய ஃபோர்டைப் பிரித்துக் கோத்து, வெர்லினை அதற்குள் உட்கார வைத்துவிட்டான். முதல் பந்தயத்திலேயே மூன்றாவதாக வந்தான். இரண்டாவது பந்தயத்தில் முதல் இடம்! செம்மண் டிராக்கில் மற்றவர்கள் வண்டியோடு மல்லுக்கட்டுவார்கள், சேற்றை வாரி இறைப்பார்கள். வெர்லின் வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே வந்து சத்தமில்லாமல் முந்திவிடும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். 'முட்டை' என்ற பட்டப்பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. தீவனக் கடைக்காரன் காலண்டரில் அவன் படத்தைப் போட்டான். ஒலீட்டா புது ஃப்ரிட்ஜ் வாங்கினாள், அதைத் திறந்து காட்டவே அக்கம்பக்கத்தாரை விருந்துக்கு அழைத்தாள்.

அந்த நல்ல காலத்தில் ஒருமுறை வர்ஜீனியா எல்லையில் பந்தயம். வெர்லினுக்குக் கடும் காய்ச்சல். பாதி ஓட்டத்தில் கண் சொருகியது. கிரேடி அவனை இறக்கிவிட்டு, அங்கே சும்மா நின்றுகொண்டிருந்த வேறொரு ஓட்டுநரை ஏற்றினான். அந்த ஆள் ஓட்டி ஜெயித்தான். கோப்பை வெர்லினுக்கு வந்தது. அதுதான் அங்கே முறை. பந்தயம் தொடங்கும் கொடி விழும்போது ஸ்டியரிங் எவன் கையில் இருந்ததோ, வெற்றி அவன் கணக்கில்தான் சேரும். நடுவில் ஏறி ஓட்டியவனுக்குக் கைகுலுக்கல், ஒருவேளைச் சாப்பாடு, போய் வா. வெர்லின் அந்தக் கோப்பையையும் கூச்சமில்லாமல் மற்றதோடு சேர்த்து வைத்தான். முறை என்றால் முறைதானே?

ஆனால் டர்க்கி நாப் மட்டும் அவனுக்கு மசியவில்லை. முதல் வருஷம் டயர் வெடித்தது. இரண்டாம் வருஷம் முன்னணியில் இருந்த வெர்லின் மூன்றாவது வளைவின் உள்பக்கம் இறங்கினான். அங்கே அடியில் ஊற்று ஒன்று கசியும், எப்போதும் சொதசொதவென்று இருக்கும். சேற்றில் சக்கரம் மாட்டி அச்சு முறிந்தது. இன்னொரு வருஷம் பெட்ரோல் மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டான் கிரேடி. கடைசிச் சுற்றில், அதே மூன்றாவது வளைவில், இன்ஜின் இருமி இருமி நின்றது. வர்ஜீனியாக்காரன் லவ்ஜாய் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போனான். வெர்லின் வண்டியிலிருந்து இறங்கி, தொப்பியைத் தரையில் அடித்து, அதன் மேல் ஏறிக் குதித்தான்.

முடிவெட்டும் கடையில் விடுவார்களா?

"ஏம்ப்பா முட்டை, ஊரூராப் போய் ஜெயிக்கிறே. இங்க வந்தா மட்டும் மண்ணைக் கவ்வுறே. நம்ம ஊர் மண்ணு அவ்வளவு ருசியா?"

"அடுத்த வருஷம் பாருங்கடா" என்பான் வெர்லின். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. வயதுதான் ஏறியது. ஒரு விபத்தில் இடது தோள்பட்டை நொறுங்கியது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. அதோடு காலமும் மாறிப்போயிற்று. பெரிய ஊர்களில் தார் போட்ட டிராக்குகள் வந்தன. டை கட்டிய கார் கம்பெனி ஆட்கள், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இளம் ஓட்டுநர்களைத் தேடித் திரிந்தார்கள். வெர்லின் பக்கம் யாரும் திரும்பவில்லை. தீவனக் கடைக் காலண்டரில் இப்போது ஒரு பசுமாடு.

கடைசி அடி சொந்த வீட்டிலேயே விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேடி சாப்பிட வந்தான். பீன்ஸும் சோள ரொட்டியும் முழுசாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மாப்பிள்ளை, இந்த சீசன் என் வண்டிய லமார் ஓட்டட்டும்னு பார்க்குறேன்."

லமார் ஹஃப். இருபத்து மூன்று வயது. தலையில் எண்ணெய், வாயில் திமிர். வண்டியும் நன்றாகத்தான் ஓட்டுவான், அதுதான் இன்னும் கடுப்பு.

ஒலீட்டா சொன்னாள். "நீயெல்லாம் ஒரு அண்ணனா? எங்க வீட்டு ரொட்டி உள்ள போற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தியே! எந்திரி. தட்ட வெச்சிட்டு எந்திரிடா."

"ஒலீட்டா, தோள்பட்டை போச்சும்மா அவருக்கு—"

"உனக்கு வெக்கம் மானம் போச்சு. எந்திரி!"

கிரேடி பாதிக் காபியோடு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு வெர்லின் ஒரு காரியம் செய்தான். அந்த ஊரில் எவனும் செய்யாத காரியம். விதைக் கடைக்காரர் ஒருவர் பந்தயத்துக்கு வண்டி விட்டார். அவர் கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அதற்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். பச்சை வண்டி! பந்தயக்காரர்கள் பச்சையைக் கண்டால் காத தூரம் ஓடுவார்கள். பச்சை வண்டி செத்த வண்டி என்பது அவர்கள் கணக்கு. மூன்று பேர் மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவர் வெர்லினிடம் வந்தார். வெர்லினுக்கு வேறு வழி? ஏறினான். மைதானத்தில் அவனைச் சுற்றி நாலு வண்டி நிற்கிற இடம் காலியாகவே கிடக்கும். பழைய நண்பர்கள்கூடத் தூரத்திலிருந்தே கையசைத்தார்கள்.

அப்படித்தான் அந்த இலையுதிர்காலப் பந்தயம் வந்தது. இலை உதிரத் தொடங்கியும் வெயில் மண்டையைப் பிளந்தது. லவ்ஜாய் வந்திருந்தான். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், லமாரைப் பார்க்கத்தான். லமார் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டே பச்சை வண்டிப் பக்கம் வந்தான்.

"என்ன பெருசு, புல்லு மேய வந்தியா?"

"நீ மூக்கு ஒழுகிக்கிட்டு நின்னப்பவே நான் இங்க ஓட்டினவன்டா."

"ஓட்டினே சரி. ஒரு தடவையாச்சும் ஜெயிச்சியா?"

வெர்லினுக்கு முகம் செத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

பச்சை வண்டி பத்துச் சுற்றுகூடத் தாங்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம், கரும்புகை, முடிந்தது. வெர்லின் இறங்கி, வேலியோரம் போய் நின்றான். மேலே பலகை வரிசையில் ஒலீட்டா குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பையைக் கண்டால் ஊரே பயப்படும், புருஷனைக் கிண்டல் செய்த ஒருவனை அதாலேயே விளாசியிருக்கிறாள். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. கிண்டல் செய்யக்கூட ஆள் இல்லை என்பது அவளுக்கு அதைவிட வலித்தது.

ஆனால் பந்தயம் என்னவோ தீப்பிடித்தது போல ஓடிக்கொண்டிருந்தது! லமார் முதலிடம், லவ்ஜாய் அவன் முதுகிலேயே. முக்கால்வாசி தூரம் தாண்டியதும் லமார் வண்டி ஆட ஆரம்பித்தது. நேர்ப்பாதையில் இடதும் வலதுமாக அலைந்தது. ஒருவன் முந்தினான், இன்னொருவன் முந்தினான்.

"அந்தப் பயலுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று வெர்லின் வாய்விட்டே சொன்னான்.

அதற்குள் வேறொரு வண்டி கவிழ்ந்து மஞ்சள் கொடி காட்டினார்கள். எல்லோரும் மெல்ல ஊர்ந்தார்கள். லமார் உள்ளே வந்து நிறுத்தினான், நிறுத்தியதும் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். புகைக்குழாய் விரிசல் விட்டு, புகை முழுக்க வண்டிக்குள்ளேயே இறங்கியிருந்தது. நாலு பேர் சேர்ந்து அவனை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ஐஸ் கட்டிகளோடு ஒரு லாரியின் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். மைதான டாக்டர் ஓடினார்.

கிரேடி வேலியை நோக்கி ஓடி வந்தான். "மாப்பிள்ளை! ஏறு!"

வெர்லின் அவனையே பார்த்தான்.

"என் மூஞ்சில அப்புறம் துப்பிக்கோ. கொடி போடப் போறான்யா, ஏறு!"

மேலேயிருந்து ஒலீட்டாவின் குரல் டிராக் முழுக்கக் கேட்டது. "ஏறாதய்யா! நீ ஜெயிச்சாலும் அந்தப் பயலுக்குத்தான்யா கோப்பை! ஏறாத!"

"தெரியும்டி!" என்று கத்திக்கொண்டே வெர்லின் வேலியைத் தாண்டினான். தாண்டும்போது தோள்பட்டை கத்தியால் குத்தியது போல வலித்தது. கிரேடி சுத்தியலால் பின்பக்கக் கண்ணாடியை மொத்தமாக உடைத்துப் புகை போக வழி செய்தான். வெர்லின் ஜன்னல் வழியாக உள்ளே சரிந்தான். இருக்கை சூடாக இருந்தது, லமாரின் தலை எண்ணெய் வாசனை வேறு! ஆனால் இன்ஜின் உறுமியபோது அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது கிரேடியின் இன்ஜின். எத்தனை வருஷமாயிற்று இதைக் கேட்டு!

மீண்டும் ஓடச் சொல்லிக் கொடி விழுந்தது. அவனுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள்.

அடேயப்பா, அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் எவரும் இன்றுவரை வாயை மூடவில்லை. வெயிலில் செம்மண் காய்ந்து, கண்ணாடி போல வழுக்கியது. மற்றவர்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. வெர்லினுக்கா வழுக்கல் புதிது? வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிட்டு, அதன் போக்கிலேயே போனான். ஒருவன் பின்னால் போனான். இன்னொருவன் போனான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு நடுவிலேயே புகுந்து வந்தான். கூட்டம் எழுந்து நின்றது. பொரித்த கோழி, சோடா எல்லாம் பலகைக்கடியில் உருண்டது. இடது கை மரத்துப்போய்விட, வலது கையாலேயே ஸ்டியரிங்கைச் சுழற்றினான்.

"முட்டை! முட்டை!" என்று முடிவெட்டுகிறவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒலீட்டா குடையைத் தூக்கி எறிந்துவிட்டாள். சற்றுமுன் ஏறாதே என்று கத்தியவள், இப்போது "மிதிய்யா! மிதி!" என்று முன்னால் இருந்தவன் முதுகில் கைப்பையால் சாத்தினாள். அவனும் வாங்கிக்கொண்டு கத்தினான்.

கடைசிச் சுற்று. முன்னால் லவ்ஜாய் மட்டும்.

எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் போகும்போதுதான் வெர்லினுக்கு அந்த எண்ணம் வந்தது. நிழலில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆட்கள் கண்ணில் பட்டார்கள். லவ்ஜாயை முந்தினால் வெற்றி லமாருக்கு. டர்க்கி நாப்பில் ஜெயித்தவன் என்று அந்தத் திமிர் பிடித்த பயலைச் சொல்வார்கள், என்னை ஒருநாளும் சொல்லமாட்டார்கள். காலைக் கொஞ்சம், ஒரே ஒரு விரல்கடை தூக்கினால் போதும். இரண்டாமிடம். ஒருவருக்கும் தெரியாது, தோள்பட்டை மேல் பழியைப் போட்டுவிடலாம். தூக்கிவிடடா வெர்லின், தூக்கு.

மனசு சொன்னது. கால் கேட்கவில்லை.

மூன்றாவது வளைவு வந்தது. லவ்ஜாய் எல்லோரையும் போல மேல்பக்கம் விரிந்து போனான், அங்கே காய்ந்த மண்ணில் சக்கரம் வீணாகச் சுற்றியது. கீழே, உள்பக்கம், அந்த ஊற்றுக் கசியும் இடம். வெர்லினின் அச்சை முறித்த இடம். பகல் முழுக்க அடித்த வெயிலில் அது சேறாக இல்லை, இறுகியிருந்தது. ஆனால் ஈரம் இருந்தது. அங்கே பிடிமானம் இருக்கும். இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சு போகும், ஆளும் போவான். வெர்லின் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு உள்ளே இறங்கினான். சக்கரம் கவ்வியது! வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, லவ்ஜாய்க்குக் கீழாகப் பாய்ந்து, நாலாவது வளைவில் பக்கத்தில் வந்து, எல்லைக்கோட்டை மூக்கு நீள வித்தியாசத்தில் முந்திக் கடந்தது.

வெர்லின் உள்ளே ஊளையிட்டான். அழுகையா சிரிப்பா, அவனுக்கே தெரியாது. இருபது வருஷம்! அந்த வளைவு இருபது வருஷம் அவனை அலைக்கழித்தது. கடைசியில் அதை மடக்கிவிட்டான்.

கொடிக்காரர் கட்டம்போட்ட கொடியை ஜன்னல் வழியாக அவன் கையில் திணித்தார், கண் கலங்கி. ஒலிபெருக்கி இருமிவிட்டு அறிவித்தது: "டர்க்கி நாப் இலையுதிர்காலப் பந்தயத்தின் வெற்றியாளர், லமார் ஹஃப்!" கூட்டம் ஹோவென்று ஊளையிட்டது. சோடா புட்டிகள் பறந்தன. "அடப்பாவிகளா, கண்ணு தெரியலையா?" என்று யாரோ கத்தினார்கள். கம்பெனி ஆட்கள் எழுந்து, முறைப்படி, லமாரைத் தேடிக்கொண்டு போனார்கள்.

வெர்லின் கொடியோடு அந்த லாரிக்கு நடந்தான். முகமெல்லாம் செம்மண், கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. ஒலீட்டா மூச்சிரைக்க வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரேடி பின்னால் வந்தான். கோப்பையை ஏற்கெனவே லமாரின் காலடியில் வைத்திருந்தார்கள். லமாருக்கு நினைவு திரும்பியிருந்தது, ஆனால் தெளிவாகத் திரும்பவில்லை. கோப்பையைப் பார்த்தான், வெர்லினைப் பார்த்தான், பல்லைக் காட்டினான்.

"ஜெயிச்சுட்டேன் பாத்தியா பெருசு? எப்படின்னே ஞாபகம் இல்ல. கடைசில லவ்ஜாயை மூணாவது வளைவுல புடிச்சேன்னு இவங்க பேசிக்கிறாங்க. உள்பக்கமா இறங்கினேனாம். நீயெல்லாம் இத்தனை வருஷமா ஓட்டினியே, உனக்குத் தோணுச்சா அது?"

கம்பெனி ஆட்கள் இருவரும் லாரிப் பக்கத்திலேயே நின்றார்கள். கிரேடி தரையைப் பார்த்தான். பெரிய மனுஷத்தனமாக ஒரு புன்னகை புரிந்துவிட்டுப் போயிருக்கலாம் வெர்லின். போகவில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் வராது.

"டேய்!" என்று லாரியின் பலகையில் ஓங்கி அடித்தான். "அது நான்டா! நீ புகையக் குடிச்சிட்டு இங்க படுத்துக் கெடந்தே. கோப்பைய நீ வெச்சுக்கோ. பேரையும் நீயே வெச்சுக்கோ, முறைன்னா முறை. கம்பெனி கார்ல ஏறி எங்க வேணாலும் போ. அந்த வளைவு மட்டும் என்னுது. அதக் குடுடா!"

லமார் அவன் முகத்தையே பார்த்தான். செம்மண்ணையும், கண்களைச் சுற்றியிருந்த வெள்ளையையும், கையிலிருந்த கட்டம்போட்ட கொடியையும் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"எடுத்துக்கோண்ணே" என்றான்.